ரஞ்சிக் கோப்பை எப்போது வரும்?
ஏங்குகிறார் சிதம்பரம் ரசிகர்

சிதம்பரம் கீழவீதி டீக்கடையில் பேப்பர் வந்ததும் விளையாட்டுப் பக்கத்தைத்தான் முதலில் பிரிப்பார் அவர். வயது 60-ஐ நெருங்குகிறது. தமிழ்நாடு கிரிக்கெட் அணி என்றால் அவருக்கு உயிர்!

ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டமே சேப்பாக்கத்தில்தான் நடந்தது. 1934-ம் ஆண்டு நவம்பர் 4-ந்தேதி. மைசூர் அணியைச் சென்னை அணி ஒரே நாளில் சுருட்டியது. ராம்சிங் 11 விக்கெட்டுகளை வீழ்த்தினார்.

அப்படித் தொடங்கிய அணி கோப்பையை வென்றது இரண்டே தடவை. 1955-ல் அழகனன் தலைமையில் இந்தூரில் ஹோல்கார் அணியை வென்றது. 1988-ல் வாசுதேவன் தலைமையில் ரெயில்வே அணியை வென்றது. அப்போது அவர் அண்ணாமலைநகரில் மாணவர். பிறகு 2015-க்குள் 6 இறுதி ஆட்டங்களில் தோல்வி!

நழுவிய வாய்ப்பு

2024 மார்ச் மாத அரை இறுதியை அவரால் மறக்க முடியவில்லை. தமிழ்நாடு 146 ரன்னில் சுருண்டது. ஆனால் மும்பையும் 106 ரன்னுக்குள் 7 விக்கெட்டை இழந்தது. சாய் கிஷோர் சுழல் அப்படி! டீக்கடையே துள்ளியது. அப்புறம் வந்தார் ஷர்துல் தாக்கூர். சதம் அடித்தார். கதை முடிந்தது.

"53 விக்கெட் எடுத்தார் கிஷோர், அந்த சீசனில் அவர்தான் முதலிடம். மட்டை பிடித்தவர்கள் கைவிட்டால் அவர் என்ன செய்வார்?" என்கிறார். நியாயமான கேள்விதான்.

கடலூரில் இருக்கும் பேரன் கேட்டான்: "தாத்தா, நாம் கோப்பை வாங்கியதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?"

"பேப்பரில் படித்தேனடா" என்றார்.

அடுத்த இறுதி ஆட்டம் சேப்பாக்கத்தில் என்றால் இருவரும் போவதாக ஏற்பாடு. பஸ் செலவு தாத்தாவுடையது.