பென்னி வைத்த புள்ளி

2/10 என்றால் 1.2 என்றான் பென்னி. 4/11? 1.5. அப்படியானால் 11/4? அதுவும் 1.5தான்! தொகுதியையும் பகுதியையும் கூட்டி நடுவில் புள்ளி வைப்பது அவனாகக் கண்டுபிடித்த விதி.

அமெரிக்காவில் ஆறாம் வகுப்பு மாணவன் அவன். தானே படித்து, 80 சதவீதம் எடுத்தால் அடுத்த படிக்கு ஏறும் பாடமுறை. ஆசிரியருக்கோ அவன் நல்ல மாணவன். ஸ்டான்லி எர்ல்வாங்கர் என்ற ஆய்வாளர் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்த பிறகே விஷயம் வெளியே வந்தது. 1973இல் அதைக் கட்டுரையாக்கினார்.

அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமில்லை. இருபது வருஷமாகச் சிவப்பு மையில் சரி, தப்பு மட்டும் போட்டுத் தள்ளியவள் நான். (நூற்றைம்பது நோட்டு திருத்துகிறவளுக்கு வேறென்ன முடியும்?) மறுநாள், 0.5ஐவிட 0.12 பெரிது என்று எழுதிய பையனை அழைத்து, ஏன் என்று கேட்டேன்.

"அஞ்சைவிடப் பன்னெண்டு பெரிசுதானே டீச்சர்?"