பாக்டீரியா சேர்த்துவைக்கும் பிளாஸ்டிக்

பாஸ்டர் நிறுவனத்தின் மாரிஸ் லெமுவான், 1920களில் ‘பேசில்லஸ் மெகாடீரியம்’ என்ற பாக்டீரியாவை ஆராய்ந்தார். அதன் உடலுக்குள் பளபளக்கும் மணிகள் இருந்தன. பார்வைக்குக் கொழுப்பு மாதிரிதான் தெரியும். அது பாலிஹைட்ராக்ஸிபியூட்டிரேட், சுருக்கமாக பிஎச்பி. வேதியியல் கணக்கில் ஒரு பாலியெஸ்டர், அதாவது அசல் பிளாஸ்டிக்.

பாக்டீரியாவுக்கு இது எதற்கு? சர்க்கரை தாராளமாகக் கிடைத்து, நைட்ரஜனோ பாஸ்பரஸோ தட்டுப்பாடானால் அதனால் பெருக முடியாது. மிஞ்சிய கார்பனைப் பஞ்ச காலத்துக்கென்று குதிரில் நெல் கொட்டுவதுபோல மணிகளாகச் சேர்த்துக்கொள்கிறது. ‘குப்ரியாவிடஸ் நெக்கேட்டர்’ என்ற இனத்தின் உலர் எடையில் 80 சதவீதம்வரை இந்த மணிகளே இருக்கக்கூடும். தொழிற்சாலையிலும் இதே உத்திதான்: முதலில் நன்றாக ஊட்டி வளர்ப்பார்கள், பிறகு நைட்ரஜனை நிறுத்திவிட்டு சர்க்கரையை மட்டும் கொடுப்பார்கள். கடைசியில் செல்லை உடைத்து மணிகளைப் பிரிக்க வேண்டும். செலவு ஏறும் இடங்களில் அதுவும் ஒன்று.

சேமித்த உணவு என்பதால்தான் இது மக்குகிறது. மண்ணிலும் கடலிலும் வாழும் பல நுண்ணுயிரிகளிடம் இதை வெட்டித் தின்னும் நொதிகள் உண்டு. காற்றுள்ள இடத்தில் கடைசியில் மிஞ்சுவது பெரும்பாலும் நீரும் கரியமில வாயுவும். மக்கும் என்று சொல்லி விற்கப்படும் பிஎல்ஏ பிளாஸ்டிக் விரைவாக மக்க உர ஆலையின் 60 டிகிரி வெப்பம் தேவை. கடலில் விழுந்தால் நெடுங்காலம் அப்படியே கிடக்கும். இந்த வேறுபாட்டை வாங்குபவருக்கு யாரும் சொல்வதில்லை என்பது என் ஆதங்கம்.

குறைகளும் உண்டு. தனி பிஎச்பி எளிதில் நொறுங்கும். சுமார் 175 டிகிரியில் உருகி, அதற்குச் சற்று மேலேயே சிதையத் தொடங்குவதால் வார்ப்பது கடினம். பிரிட்டனின் ஐசிஐ நிறுவனம் குளுக்கோஸோடு புரோப்பியானிக் அமிலத்தையும் ஊட்டி, வளைந்துகொடுக்கும் ‘பயோபோல்’ என்ற கலவையைப் பெற்றது. 1990இல் ஜெர்மனியில் வெல்லா ஷாம்பூ பயோபோல் புட்டிகளில் வந்தது. பெட்ரோலிய பிளாஸ்டிக்கின் விலையோடு அதனால் போட்டியிட முடியவில்லை.

விலை பெரிதாகத் தெரியாத மருத்துவத்தில் இந்த பிளாஸ்டிக் குடும்பம் வேரூன்றிவிட்டது. இதே வகைப் பாலியெஸ்டர் ஒன்றாலான, உடலிலேயே கரையும் தையல் நூலுக்கு 2007இல் அமெரிக்கா அனுமதி தந்தது. சர்க்கரைக்குப் பதிலாகக் கழிவு எண்ணெய், மொலாசஸ், மீத்தேன் ஆகியவற்றை ஊட்டும் ஆய்வுகளும் நடக்கின்றன. விலை இறங்கினால், கடைப் பைகளுக்கு முன்னால் வயலில் விரிக்கும் மல்ச்சிங் ஷீட்டுக்கும் மீன்வலைக்கும் இதைக் கொண்டுவர வேண்டும். பையையாவது பொறுக்கி எடுக்கலாம். மண்ணில் கிழிந்து புதைந்த ஷீட்டையும் கடலில் அறுந்துபோன வலையையும் முழுதாகத் திரும்ப எடுக்க வழியில்லை.