அடுப்படியில் மறைத்து வைத்த நோய்

குழந்தைக்கு லேசாக உடம்பு சுட்டால் டாக்டரிடம் ஓடுகிறீர்கள். வீட்டுக்காரருக்கு முதுகு வலி என்றால் அன்றைக்கே தைலமும் மாத்திரையும் வந்துவிடும். உங்களுக்கு வந்தால்? "அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்று புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுகிறீர்கள். இல்லையா?

நம் வீட்டு வழக்கம் மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். பிரிட்டனில் சட்டமே ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது! 1911-ல் செய்த இன்ஷூரன்ஸ் சட்டப்படி, சம்பளம் வாங்கும் தொழிலாளிக்கு டாக்டர் உண்டு. அவன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் கிடையாது. இருக்கிற சில்லறையில் குழந்தையைக் காட்டுவாள் தாய். தன் முறை வரும்போது கை காலியாக இருக்கும்.

1948 ஜூலை 5-ந் தேதி தேசிய சுகாதார சேவை தொடங்கியது. யாராயிருந்தாலும் வைத்தியம் இலவசம். கொண்டுவந்த மந்திரி அனைரின் பெவன், சிறுவனாக வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அதற்குப் பிறகு டாக்டர்கள் தங்கள் வாசலில் கண்ட காட்சி அவர்களையே திகைக்க வைத்தது. கர்ப்பப்பை இறங்கிப்போய், யாரிடமும் சொல்லாமல், வருஷக் கணக்கில் தண்ணீர் தூக்கித் துணி துவைத்த பெண்கள் வந்து நின்றார்கள். வியாதி புதிதல்ல, வெளியே வந்ததுதான் புதிது.

ஆனால் பெவன் ஒரு பின்கதவையும் திறந்து வைக்க வேண்டி வந்தது. பெரிய டாக்டர்கள் முரண்டு பிடித்ததால், பணம் வாங்கிக்கொண்டு தனியாக வைத்தியம் செய்யவும், சர்க்கார் ஆஸ்பத்திரியிலேயே சில கட்டணப் படுக்கைகள் வைத்துக்கொள்ளவும் சம்மதித்தார். அதே டாக்டர், அதே கத்தி; வரிசை மட்டும் இரண்டு!

வேல்ஸின் சுரங்கக் கிராமமொன்றில் வைத்தியம் பார்த்த ஜூலியன் டியூடர் ஹார்ட், 1971-ல் 'லான்செட்' பத்திரிகையில் எழுதினார்: நோய் எங்கே அதிகமோ அங்கேதான் நல்ல வைத்தியம் குறைவு என்று. அந்த மலைப் பள்ளத்தாக்குகளுக்குப் போக அந்த நாட்டு டாக்டர்களே தயங்கினார்கள். நம் தேசத்திலிருந்து போன டாக்டர்கள் பலர் அங்கே ஆயுள் முழுவதும் உழைத்தார்கள் என்பது நமக்குப் பெருமைதான்.

18 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்று அங்கே விதி. 2023 இலையுதிர் காலத்தில் இங்கிலாந்தில் மட்டும் 77 லட்சம் சிகிச்சைகள் பாக்கி நின்றன. அவற்றில் 5 லட்சத்துக்கு மேல் மகளிர் நோய்களுக்கானவை.

அதற்காகக் காசு வைத்தியமே தேவலை என்று சொல்லிவிடாதீர்கள். அந்நாட்டுப் பாட்டிமார் காதில் விழுந்தால் கரண்டியோடு வருவார்கள்! அவர்கள் கோபம் பின்கதவின் மேல்தான். பணம் உள்ளவள் அதன் வழியே சில வாரத்தில் ஆபரேஷன் முடித்துக்கொண்டு வந்துவிடுகிறாள். இல்லாதவள், வயிற்றில் வெந்நீர்ப் பையைக் கட்டிக்கொண்டு, தபாலில் ஆஸ்பத்திரிக் கடிதம் வருகிறதா என்று பார்த்தபடியே சமைக்கிறாள்.