ஒளிரும் பிறபொருளெதிரிகள்

உடலினுட் புகும் நோய்க்கிருமிகளை இனங்கண்டு எதிர்க்கும் தொழில் வெண்குழியங்களுக்கு உரியது. அவற்றின் மேற்பரப்பிலுள்ள வாங்கிகள் எனும் புரதங்களே இவ்வினங்காணலுக்குக் கருவியாகின்றன. சாதாரண நுணுக்குக்காட்டியில் இவ்வாங்கிகள் புலப்படா. வெவ்வேறு தொழில் புரியும் நிணநீர்க்குழியங்களும் ஒரே வடிவினவாகவே தோன்றும். அவற்றைப் பிரித்தறிய வழிவகுத்தது, பிறபொருளெதிரிக்கு ஒளியூட்டும் முறையாகும்.

ஒரு பிறபொருளெதிரி தனக்கு இயைந்த பொருளையே தேடிப் பற்றும் இயல்பினது. அதனோடு ஒளிரும் சாயமொன்றைப் பிணைத்தால், அது பற்றிய இடத்தைச் சாயத்தின் ஒளி காட்டிக்கொடுக்கும் அன்றோ? இவ்வெண்ணத்தை ஹாவாட் பல்கலைக்கழகத்து அல்பேட் கூன்ஸ் என்பார் 1941இல் செயற்படுத்தினார். அவர் முதலிற் பயன்படுத்திய அந்திரசீன் சாயம் நீலமாக ஒளிர்ந்தது. விலங்கின் இழையமோ ஊதாக்கடந்த கதிர் பட்டதும் தானே நீலமாக ஒளிரும் தன்மையது. எனவே எது சாயத்தின் ஒளி, எது இழையத்தின் ஒளி எனத் தெளிதல் அரிதாயிற்று. பச்சையாக ஒளிரும் புளோரசீனைக் கைக்கொண்ட பின்னரே, நியூமோனியாப் பற்றீரியங்களின் பொருள் சுண்டெலி இழையங்களில் தங்கியிருக்கும் இடங்களை 1942இல் அவர் குழுவினர் காட்டினர்.

1970இல் இலண்டனில் மாட்டின் ராவ் முதலியோர் சுண்டெலியின் உயிருள்ள கலங்களில் இம்முறையைக் கையாண்டனர். மண்ணீரலிலும் நிணநீர்க்கணுக்களிலும் ஒரு பகுதிக் கலங்கள் தம் மேற்பரப்பிற் பிறபொருளெதிரிப் புரதத்தைத் தாங்கி ஒளிர்ந்தன. தைமசுச் சுரப்பியின் கலங்கள் ஒளிரவில்லை. பீ-நிணநீர்க்குழியத்தின் வாங்கி அப்புரதமே என்பது இவ்வாறு வலியுற்றது.

ரீ-நிணநீர்க்குழியத்தின் வாங்கியைக் காண்பதற்குக் காலம் சென்றது. சுண்டெலியின் உடல் தன் சொந்த வாங்கியை அந்நியமாகக் கொள்ளாது. ஆதலின் அதற்கு எதிரியையும் எளிதில் ஆக்காது. பிறவிலங்குகளையே நாடவேண்டியிருந்தது. 1975இல் கோலரும் மில்ஸ்டைனும் கேம்பிரிட்ஜில் வகுத்த முறையால் ஒரேவகைப் பிறபொருளெதிரியை வேண்டிய அளவு பெறல் இயன்றது. அதன் துணைகொண்டு 1989இல் ஹம்ஸ்டரிலிருந்து பெற்ற பிறபொருளெதிரி அவ்வாங்கியை நேரே பற்றியது.

எனினும் ஒளிர்வதெல்லாம் மெய்யன்று. பிறபொருளெதிரி இரு கைகளும் ஒரு தண்டும் உடையது. கைகளே இலக்கைப் பற்றுவன. ஆனாற் பெருந்தின்கலம் முதலியவற்றின் மேற்பரப்பில் அத்தண்டையே பற்றும் வேறு வாங்கிகள் உள. அவற்றிற் சிக்கிய பிறபொருளெதிரியும் இலக்கைக் கண்டதுபோலவே ஒளிரும். இல்லாத வாங்கி உள்ளதெனத் தோன்றுதற்கு இதுவும் ஒரு காரணம்.

இம்மயக்கத்தை நீக்கப் பல வழிகள் கையாளப்படுகின்றன. தண்டைப் பற்றும் வாங்கிகளை முன்னரே அடைத்துவிடல் ஒன்று. 1979இல் அறிவிக்கப்பட்ட எலிப் பிறபொருளெதிரியொன்று சுண்டெலிக் கலங்களில் இதனைச் செய்கின்றது. அதே வகையினதாய், இழையத்தில் இலக்கேதும் இல்லாத பிறபொருளெதிரியை ஒப்புநோக்கல் மற்றொன்று. சாயமே சேராத இழையத்தின் இயல்பொளியை அளத்தலும் இன்றியமையாதது. ஆய்வுக்குரிய வாங்கியின் பரம்பரையலகு நீக்கப்பட்ட சுண்டெலியின் இழையத்தைச் சோதித்தல் இவற்றுள் வலியது. வாங்கியே இல்லாத அவ்விழையமும் ஒளிருமாயின், முன்னர்க் கண்ட ஒளி சான்றாகாது.

இவ்வாற்றான், ஒளி ஒரு கூற்று மாத்திரமே. அதனை மெய்ப்பிப்பது, ஒளிரக்கூடாத இடத்தில் ஒளிராமையே. இருண்டு கிடக்கும் ஒப்புநோக்குத் தகட்டை ஒளிரும் தகட்டுக்கு நிகராக மதிக்கும் ஆய்வாளனே மெய்ம்மையை அணுகுவான்.