கல்லாகும் நெஞ்சு!



புதுவையில் வீடு கட்டாத தெரு உண்டா? இலாசுப்பேட்டையில் மாடி எழும்புகிறது. வில்லியனூரில் மனை விற்கிறது. ஆனால், உடைப்பதற்குப் புதுவையில் கருங்கல் மலை ஏது? எல்லைக்கு அப்பால் வானூர் வட்டத்தில் திருவக்கரைப் பக்கம் கல்குவாரிகள் உண்டு, கிரஷர்கள் உண்டு. ஜல்லியும் எம்-சாண்டும் அங்கிருந்து டிப்பர் லாரி ஏறி வருகின்றன. லாரி வருவதைப் பார்க்கிறோம். அதை நிரப்பியவனைப் பார்த்தோமா?

கிரஷர் என்ன செய்கிறது? தாடை போன்ற இரண்டு இரும்புத் தட்டுகள் பாறையைக் கடித்து நொறுக்குகின்றன. 1858இல் ஏலி விட்னி பிளேக் என்ற அமெரிக்கர் காப்புரிமை பெற்ற கருவி அது. அடுத்து, கூம்பு எந்திரம் கல்லைச் சிறு ஜல்லியாக்கும். பிறகு, சுழல் எந்திரம் கல்லைக் கல்லோடு மோதவிட்டு முனை மழுக்கி மணலாக்கும். 4.75 மில்லிமீட்டர் சல்லடைக் கண்ணில் இறங்குவதே மணல்.

நாம் எந்திரத்துக்குப் பகைவரல்லர். வெயிலில் குந்தி, சுத்தியலால் ஜல்லி உடைத்து, கை காய்த்துப்போன தாய்மாரை மறந்தோமா? அந்தக் கொடுமையை எந்திரம் குறைத்தது, வரவேற்போம்! ஆற்றைச் சுரண்டுவதைவிடப் பாறை மணல் மேல் என்பதும் உண்மை.

ஆனால், சுத்தியலை வாங்கிக்கொண்ட எந்திரம் கைம்மாறாகத் தந்தது என்ன? தூசி! கண்ணுக்குத் தெரிகிற தூசியைவிடத் தெரியாத தூசியே கொடியது. அதிலுள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கி, தழும்பேற்றி, இறுக்கிவிடுகிறது. சிலிக்கோசிஸ் என்பது அதன் பெயர். காசநோய் என்று கருதி மருந்து உண்போரும் உண்டு. தழும்பேறிய நுரையீரலைப் பழையபடி ஆக்கும் மருந்து இல்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே இதனை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய் என்று எழுதிவைத்தது. நோய் முதலாளிக்குப் புதிதல்ல, கணக்குத்தான் புதிது!

பரிகாரம் இல்லையா? இருக்கிறது. தண்ணீர் தெளிப்பான், எந்திரத்துக்கு மூடி, காற்றைத் தடுக்கும் சுவர். இவற்றைச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள் ஏற்கெனவே கேட்கின்றன. குழாய்க்கு ஆகும் செலவு ஓர் உயிரைவிடப் பெரிதா?

“கிரஷர் தமிழ்நாட்டில், நமக்கென்ன?” என்பர் சிலர். புதுவையின் சட்டம் கோரிமேட்டோடு நின்றுவிடும். புதுவையின் பணம் நிற்பதில்லையே! தூசி அடக்காத, தொழிலாளிக்கு ஆண்டுதோறும் நெஞ்சுப் பரிசோதனை செய்யாத கிரஷரின் சரக்கை வாங்கோம் என்று பொதுப்பணித்துறை டெண்டரில் ஒரு வரி சேர்க்கட்டும். நோயுற்றவருக்கு 3 இலட்சம், இறந்தால் குடும்பத்துக்கு 2 இலட்சம் என 2019இல் ராஜஸ்தான் கொள்கை வகுத்தது. பாலைவனத்தில் முளைத்த நீதி நம் மண்ணில் முளைக்காதா?

1936 ஜூலை 30இல் 12 பஞ்சாலைத் தோழர்கள் துப்பாக்கிக் குண்டுக்கு மார்பு காட்டிய ஊர் இது. எட்டு மணி நேர வேலையை வென்ற ஊர் இது. அன்று நேரத்தைக் கேட்டோம். இன்று மூச்சைக் கேட்போம்!