சிறுவர் பறக்கச் சில விதிகள்

இளம் அறிவியல் (இயற்பியல்), இரண்டாம் ஆண்டு

விமான ஓசை கேட்டதும் தெருவிற்கு ஓடிவந்து அண்ணாந்து பார்க்காத சிறுவர் உண்டோ? அந்த ஆவலுக்கு வழிகாட்டும் திட்டம் ஒன்று அமெரிக்காவில் நடைபெறுகிறது. ஆஷ்கோஷ் நகரிலுள்ள 'எக்ஸ்பெரிமென்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன்' என்னும் சங்கம் 1992-ஆம் ஆண்டு தொடங்கிய 'யங் ஈகிள்ஸ்', அதாவது 'இளங்கழுகுகள்' திட்டமே அது. 8 முதல் 17 வயது வரை உள்ளோரைத் தொண்டர்களான விமானிகள் தங்கள் சிறு விமானங்களில் கட்டணமின்றி அழைத்துச் செல்கின்றனர். இதுவரை 20 இலட்சத்திற்கும் மேற்பட்ட சிறுவர் சிறுமியர் பறந்துள்ளனர்.

ஆனால் பறக்குமுன் விதிகள் உண்டு. பெற்றோரின் கையொப்பம் வேண்டும். சிறுவர்களோடு பழகும் தொண்டர்கள் முன்னரே பயிற்சி பெற வேண்டும். அவர்களுடைய பின்னணியும் விசாரிக்கப்படும். ஒவ்வொருவருக்கும் தனி இருக்கை, தனி வார்ப்பட்டை. சுழலும் விசிறி கண்ணுக்குத் தெரியாது. ஆதலால் எஞ்சின் நின்ற பிறகே விமானத்தை நெருங்கலாம்.

இத்தனை கட்டுப்பாடு எதற்கு என நண்பர்கள் கேட்கலாம். 1996-ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று விடை கூறும்.

அமெரிக்காவைக் குறுக்கே கடந்த மிக இளைய விமானி என்னும் புகழுக்காக, 7 வயதுச் சிறுமி ஒருத்தி செஸ்னா விமானத்தில் புறப்பட்டாள். உடன் தந்தையும் பயிற்சி விமானியும் இருந்தனர். ஏப்ரல் 11 காலை, ஷயான் நகரில் இடியும் மழையும் சூழ்ந்த வேளையில் விமானம் கிளம்பியது. சிறிது நேரத்தில் வீழ்ந்தது. மூவரும் மாண்டனர்.

காரணத்தை நம் வகுப்பறை இயற்பியலே விளக்கும். இறக்கையின் தூக்குவிசை காற்றின் அடர்த்தியையும் வேகத்தின் இருமடியையும் பொறுத்தது. ஷயான் சுமார் 6,100 அடி உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி, கடல் மட்டத்தில் உள்ளதைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. எஞ்சினின் ஆற்றலும் அதற்கேற்பக் குறையும். விமானத்திலோ அளவுக்கு மீறிய சுமை! தூக்குவிசை இழந்த விமானம் தரையில் மோதியது. பத்திரிகை, தொலைக்காட்சிக்குக் கொடுத்த வாக்கைக் காக்கும் அவசரமும் ஒரு காரணம் என்று விசாரணைக் குழு கூறியது.

அவ்வாண்டிலேயே சட்டம் பிறந்தது. விமானி உரிமம் இல்லாதவர் கையில் சாதனை முயற்சிக்காக விமானத்தின் கட்டுப்பாட்டைக் கொடுக்கலாகாது என்பது அதன் சாரம்.

இங்கே ஓர் உண்மையை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். குழந்தைக்குச் சுமையும் தெரியாது, வானிலையும் தெரியாது. பல பெற்றோருக்கும் அப்படியே. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான். இத்தகைய படிவம் ஒன்றை என் தந்தையிடம் நீட்டினால், விமானத்தைப் பற்றி ஏதும் அறியாமல், அழைத்துச் செல்பவரை நம்பியே அவர் கையெழுத்திடுவார். அந்த நம்பிக்கை வீண்போகாமல் காப்பது விதி ஒன்றே அன்றோ?

நம் தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவிலும் மாணவர்கள் மைக்ரோலைட் விமானத்தில் பறக்கும் வாய்ப்பைப் பெறுகின்றனர். ஆகவே இது அயல்நாட்டுச் செய்தி மட்டுமன்று. சிறுவர்கள் பறக்கட்டும்! ஆனால் கருமேகம் கண்ட நாளில், கூடியிருப்போர் எத்தனை பேராயினும், "இன்று வேண்டாம்" என்று சொல்லும் துணிவு பெரியவர்களுக்கு வேண்டும். அந்தத் துணிவுக்குத் துணை நிற்பவையே விதிகள்.