கைவிடும் உரிமை

கருவியும் கையும் – 9

பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி, மறு கையால் ஒருவர் செல்போனில் பணம் அனுப்பிவிடுகிறார். நாலைந்து தட்டலில் காரியம் முடிகிறது. அதே ஆள் அலுவலகம் போய் ஒருநாள் விடுப்புக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தால் திரைக்கு மேல் திரையாகத் திறக்கிறது. கடைசியில் ‘சமர்ப்பி’ பொத்தானைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அலுவலக வேலை சிக்கலானது, அதனால் அதன் மென்பொருளும் அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் சொல்வார்கள். பணம் அனுப்புவது மட்டும் எளிய காரியமா? இரண்டு வங்கிகள், நடுவே ஒரு தீர்வமைப்பு, கடவுச்சொல், மோசடித் தடுப்பு எல்லாம் அதற்குள் இருக்கின்றன. அத்தனையும் திரைக்குப் பின்னே ஒதுங்கிக்கொள்ள, விடுப்பு விதிகள் மூன்றோ நான்கோ திரை முழுக்க வந்து உட்கார்ந்துகொள்கின்றன. மென்பொருள் வடிவமைப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் எனக்குப் படும் காரணம் இது: பணம் அனுப்பும் செயலி பிடிக்காவிட்டால் அன்றைக்கே அதை நீக்கிவிட்டு, அதே வங்கிக் கணக்கோடு வேறொரு யுபிஐ செயலிக்குப் போய்விடலாம். விடுப்பு மென்பொருளை யாரும் நீக்க முடியாது. ஒரு கருவி நன்றாக அமைவதும் கோணலாகப் போவதும் பெரும்பாலும், அதைத் தினமும் தொடுகிறவருக்கு அதைக் கைவிடும் உரிமை இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

அந்த உரிமை அலுவலகத்துக்குள் நுழைந்த கதைக்கு 1979 நல்ல தொடக்கம். அதுவரை பெரிய நிறுவனங்களில் கணினி என்பது தனித் துறையின் சொத்து. விலையை இரண்டு சதவீதம் ஏற்றினால் லாபம் என்னவாகும் என்று ஒரு மேலாளர் பார்க்க வேண்டுமென்றால், அந்தத் துறைக்கு எழுதிக்கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். இல்லையேல் பென்சிலும் அழிப்பானுமாகப் பேரேட்டுத் தாளோடு மல்லுக்கட்ட வேண்டும். ஹார்வர்டில் வணிக மேலாண்மை படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்லினும் அவருடைய நண்பர் பாப் ஃபிராங்ஸ்டனும் உருவாக்கிய விசிகால்க் என்ற விரிதாள் மென்பொருள், அந்தத் தாளை ஆப்பிள் 2 கணினியின் திரைக்குக் கொண்டுவந்தது. ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த எண்கள் எல்லாம் தாமாக மாறின. மென்பொருளின் விலை ஏறத்தாழ 100 டாலர். கணினியையும் சேர்த்தால் சில ஆயிரம். கணினித் துறையின் தயவில்லாமல், தன் பிரிவின் செலவுக் கணக்கிலேயே மேலாளர் வாங்கிவிடக்கூடிய தொகை. வேண்டியதைத் தானே வாங்கியவர், வேண்டாதபோது தானே தூக்கியும் போட்டார். 1983இல் ஐபிஎம் கணினிக்கு லோட்டஸ் நிறுவனத்தின் 1-2-3 என்ற போட்டி விரிதாள் வந்ததும் வாடிக்கையாளர்கள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். 1985இல் விசிகால்க்கை உருவாக்கிய நிறுவனத்தையே லோட்டஸ் வாங்கி, விசிகால்க்குக்கு மூடுவிழா நடத்தியது. கைவிடும் உரிமை முன்னோடிக்கும் சலுகை காட்டவில்லை. அந்தச் சில ஆண்டுகளில் விரிதாள் அவ்வளவு வேகமாக மெருகேறியதற்கு அந்த ஈவிரக்கமின்மையும் ஒரு காரணம்.

எதிர்ப்பக்கத்துக்கு அமெரிக்க மருத்துவமனைகளைப் பார்க்கலாம். நோயாளிகளின் பதிவேடுகளைக் கணினிக்கு மாற்ற 2009இல் அந்நாட்டு அரசு சட்டம் இயற்றி, பல ஆயிரம் கோடி டாலர்களை ஊக்கத்தொகையாக அள்ளிக் கொடுத்தது. சில ஆண்டுகளில் ஏறக்குறைய எல்லா மருத்துவமனைகளும் மாறின. மென்பொருளைத் தேர்ந்தெடுத்தது நிர்வாகம். அதன் கவலை காப்பீட்டுக் கட்டணப் பட்டியலும் அரசு கேட்கும் அறிக்கைகளும். தட்டச்சு செய்யும் பொறுப்பு மட்டும் மருத்துவர் தலையில் விழுந்தது. 2016இல் ‘ஆனல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின்’ இதழில் வந்த ஓர் ஆய்வு, மருத்துவர் நோயாளியோடு செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கணினிப் பதிவிலும் மேசை வேலையிலும் போகிறது என்று கணக்கிட்டது. மருத்துவர் பேசப் பேச அருகிலிருந்து தட்டச்சு செய்யவே ஆள் வைக்கும் வழக்கமும் பரவியது. மென்பொருளை எழுதியவர்களைத் திறமையற்றவர்கள் என்று சொல்லிவிட முடியாது. அவர்கள் எதிரே இருந்தது டெண்டர் படிவம். இந்த வசதி உண்டா, அந்த அறிக்கை வருமா என்று வரிசையாகக் கேட்டு, எதிரே ‘ஆம்’, ‘இல்லை’ என்று கட்டம் போட்டிருக்கும் படிவம் அது. ‘ஆம்’களைக் கூட்டினால் ஒப்பந்தம் கிடைக்கும். ஒரு மருந்து எழுத எத்தனை சொடுக்கு என்பதற்கு அதில் கட்டம் இருப்பது அபூர்வம். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இங்கே காய்ச்சல் ஒருவருக்கு, மருந்துச் சீட்டு வாங்குகிறவர் வேறொருவர்.

இதற்கு மறுப்பு உண்டு. அவரவர் இஷ்டத்துக்குக் கருவியை எடுத்துக்கொண்டால் பாதுகாப்பு என்னாவது, நாளை கணக்குக் கேட்டால் யார் பதில் சொல்வது? வெறும் பூச்சாண்டி என்று இதைத் தள்ளிவிட முடியாது. வாட்ஸ்அப் போன்ற செயலிகளில் பணியாளர்கள் தொழில் பேசியதையும் அவற்றின் பதிவுகள் காக்கப்படாததையும் காரணம் காட்டி, 2022 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் வால் ஸ்ட்ரீட் நிறுவனங்கள் பதினாறுக்கு மொத்தம் 110 கோடி டாலருக்கு மேல் அபராதம் விதித்தது. பதிவு வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. ஆனால் அந்த வழக்குகள் இன்னொன்றையும் காட்டுகின்றன. தடை அந்த நிறுவனங்களின் விதிகளிலேயே இருந்தது. அதை மீறியவர்களில், விதியைக் காக்க வேண்டிய மேலதிகாரிகளும் இருந்தார்கள். வெளிப்படையாகக் கைவிட வழியில்லாத கருவியை ஆட்கள் திருட்டுத்தனமாகக் கைவிடுவார்கள். தடைவிதியால் நிறுவனத்துக்கு மிஞ்சுவது, எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்ற எண்ணம் மட்டுமே.

இதைவிடக் கூர்மையான மறுப்பு ஒன்று இருக்கிறது. தானாக விரும்பித் தேர்ந்த கருவியே நாளடைவில் காலைப் பிடித்துக்கொள்ளாதா? பிடித்துக்கொள்ளும். விசிகால்க்கின் வாரிசான எக்செலே அதற்குச் சாட்சி. ‘மார்ச்1’, ‘செப்ட்2’ போன்ற மரபணுக் குறியீடுகளை உள்ளிட்டால் எக்செல் அவற்றைத் தேதி என்று நினைத்து மாற்றிவிடும். எக்செல் கோப்பாக மரபணுப் பட்டியலை இணைத்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்த வகைப் பிழை இருப்பதாக 2016இல் ஓர் ஆய்வு சொன்னது. விஞ்ஞானிகள் எக்செலை விட்டார்களா? இல்லை. மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு, 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் அந்த மரபணுக்களின் பெயர்களை மாற்றியிருந்தது. தானாக மாற்றும் பழக்கத்தை நிறுத்திவைக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் எல்லோருக்கும் தந்தது 2023இல். கூட வேலை செய்பவர்கள் எல்லோரும் அதே கோப்பு வடிவத்தில் இருக்கும்போது, விலகும் உரிமை ஏட்டில்தான் இருக்கிறது. இலவசமாக வந்து, சொந்தபந்தம் அத்தனை பேரையும் உள்ளே இழுத்துக்கொண்ட குறுஞ்செய்திச் செயலிகளின் கதையும் இதுதான். ஆகவே இந்த மறுப்பு என் வாதத்தை உடைக்கவில்லை. உரிமை போன இடத்தில் கருவி மெத்தனமாகிறது என்பதற்கு அதுவே இன்னொரு சான்று.

அப்படியானால் பதிவும் பத்திரமாக இருந்து, விலகும் வழியும் திறந்திருப்பது எப்படி? தகவலையும் அதைக் கையாளும் கருவியையும் பிரித்துவைத்தால் முடியும். மின்னஞ்சலில் இது எப்போதோ நடந்துவிட்டது. அனுப்பும் முறைக்கு 1982இலேயே பொது நெறி வகுத்துவிட்டதால், கடிதங்கள் நிறுவனத்தின் சர்வரில் இருக்க, படிக்கும் மென்பொருளை அவரவர் மாற்றிக்கொள்ளலாம். 2011 ஜனவரியிலிருந்து இந்தியா முழுவதும் எண்ணை மாற்றாமல் செல்போன் நிறுவனத்தை மாற்ற முடிகிறது. அதற்கு முன் எண்ணை இழக்கப் பயந்தே சிக்னல் கிடைக்காத நிறுவனத்தோடு ஒட்டிக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. யுபிஐயிலும் பொதுத் தடம் ஒன்று, அதன் மேல் ஓடும் வண்டிகள் பல. இதற்குச் செலவு கூடும் என்பது உண்மை: பொது நெறியை வகுக்க வேண்டும், ஒன்றுக்கு நாலு மென்பொருளைச் சோதிக்க வேண்டும். ஆனால் மருத்துவரின் இரண்டு மணி நேரத்துக்கும் யாரோ சம்பளம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்தச் செலவு மென்பொருள் கொள்முதல் கணக்கில் ஏறாததால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

கொள்முதல் செய்பவர்களிடம் புரட்சி எதையும் கேட்க வேண்டியதில்லை. டெண்டர் படிவத்தில் இரண்டு கட்டங்கள் கூடினால் போதும். உள்ளே போட்ட தகவல் முழுவதையும் ஒருநாள் வெளியே எடுத்துக்கொண்டு போக முடியுமா? தினமும் இதன் முன்னே உட்காரப்போகிறவர், ஒரு மாதம் பயன்படுத்திப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொன்னால் அது செல்லுமா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டிய நிலை வந்தால், அந்த விடுப்புப் படிவத்தின் ‘சமர்ப்பி’ பொத்தான் தானாகவே கண்ணில் படும் இடத்துக்கு வந்துவிடும்.

(தொடரும்)